பாட்டி பாடிய கேசட்டைச் சுத்தம் செய்வது எப்படி: டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங், ஒரே ஒரு பதிவை வைத்துக்கொண்டு

அம்மாவின் பீரோவில் ஒரு 90 நிமிடக் கேசட் கிடந்தது. மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'நவராத்திரி 1986'. கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டி சுருதிப்பெட்டியோடு பாடியதை யாரோ டேப் ரெக்கார்டரை பிளக்கில் சொருகிப் பதிந்திருக்கிறார்கள். போட்டுக் கேட்டால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், மேலே 'உஸ்ஸ்' என்று டேப் இரைச்சல், நடுவில் பாட்டி. குரலும் நான் சின்ன வயதில் கேட்டதைவிட மெல்லிசாக, கொஞ்சம் மேலே ஏறிய மாதிரி இருந்தது.

முதல் தடவை செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஏற்றியதும் ஒரு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தேடி அழுத்தினேன். உறுமல் போனது, இரைச்சல் போனது, பாட்டி குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போல ஆனார். அதைவிடப் பெரிய தப்பு பிறகுதான் தெரிந்தது: நான் குப்பை என்று தூக்கியெறிந்த அந்த உறுமலில்தான் டேப் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்ற தகவல் இருந்தது.

ஒலியை எண்களாக்கிக் கணக்கால் திருத்துவதுதான் டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். அதன் கருவிகளான எஃப்எஃப்டி (ஒலியை அலைவெண் வாரியாகப் பிரிப்பது), ஃபில்டர் (வேண்டாத அலைவெண்ணைத் தடுப்பது), ரீசாம்பிளிங் (சாம்பிள் எண்ணிக்கையை மாற்றுவது) எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். எதை எப்போது, எந்த வரிசையில் போடுவது என்பதுதான் கிடைக்காது. அதை இந்தக் கேசட்டை வைத்தே பார்ப்போம். பைத்தான் நிரல் மொழியும் அதோடு கணக்குப் போட நம்பை, சைபை நூலகங்களும் போதும். சும்மா பார்க்கவும் கேட்கவும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள்.

படி 1: எண்ணாக மாற்றுவது

ஒலியை வினாடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எண்வரிசையாக்குவதுதான் சாம்பிளிங். வினாடிக்கு 44100 தடவை எடுங்கள். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 20000 அதிர்வு) வரை, அதைப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. (ஏன் சரியாக 44100 என்றால், ஆரம்பக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், வினாடிக்கு 60 புலம் (பாதிப் படம்), புலத்துக்கு 245 கோடு. பெருக்கிப் பாருங்கள்.)

இந்த ரேட் (வினாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது) போதாவிட்டால் என்ன ஆகும்? சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். இல்லாத அலைவெண் ஒன்று இருப்பது போல வந்து நிற்கும். சவுண்ட் கார்டு உள்ளேயே இதைத் தடுக்கும் ஃபில்டரை வைத்திருக்கிறது. ஆனால் ஃபைலைச் சின்னதாக்கலாம் என்று நாமே நாலு சாம்பிளுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டால் ரேட் 11025 ஆகிவிடும். அப்போது 7000 ஹெர்ட்ஸில் இருந்த டேப் இரைச்சல் மடங்கி 4025-க்கு வந்து குரல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எந்த அல்காரிதத்தாலும் அதைப் பிரிக்க முடியாது.

ஒவ்வொரு சாம்பிளையும் எழுதும் பிட் எண்ணிக்கை 24. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்ற கணக்கில் 16 பிட்டே 96 டெசிபல் தரும், கேசட்டுக்கு அது தாராளம். ஆனாலும் பின்னால் நிறையப் பெருக்கல் இருக்கிறது. அளவை −6 டெசிபலைத் தாண்ட விடாதீர்கள், உச்சி வெட்டுப்பட்டால் போனது போனதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு பிளேயரின் ஹெட்டைத் துடையுங்கள். இதைச் செய்யாமல் ஃபில்டர் போட ஆரம்பிப்பவர்களை நான் நம்புவதில்லை.

படி 2: எதையும் தொடாமல் பார்ப்பது

முதலில் எல்லாச் சாம்பிளின் சராசரியையும் கழித்துவிடுங்கள், பூஜ்யத்துக்கு மேலேயோ கீழேயோ மொத்தமாக நகர்ந்திருந்தால் சரியாகிவிடும். அப்புறம் ஸ்பெக்ட்ரம்.

எந்தெந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுவது ஃபூரியர் உருமாற்றம். நேரடியாகப் போட்டால் 4096 சாம்பிளுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் பெருக்கல் ஆகும். எஃப்எஃப்டி அதையே பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய் சுமார் 50 ஆயிரத்தில் முடிக்கிறது. 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இந்தத் துறையே வேகம் பிடித்தது. அதே தந்திரத்தை காஸ் 1805 வாக்கில் சிறுகோள்களின் பாதையைக் கணக்கிட எழுதி, வெளியிடாமலே வைத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது.

இப்போது பாட்டியின் கேசட்டுக்கு வருவோம். எஃப்எஃப்டி அலைவெண்களைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். 4096 சாம்பிளுக்குப் போட்டால் ஒரு கட்டத்தின் அகலம் 44100 ÷ 4096, அதாவது 10.8 ஹெர்ட்ஸ். 50 பக்கத்தில் பெரிதாக ஒரு மேடு தெரிந்தது. கரண்ட் உறுமல், 50 ஹெர்ட்ஸ், வேறென்ன என்று பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான்.

ஆனால் காதில் கேட்ட உறுமல் சீராக இல்லை. வினாடிக்கு ஒரு தடவைக்குச் சற்று மேல் ஏறி இறங்கியது. கிட்டக்கிட்ட இரண்டு அலைவெண் இருந்தால்தான் அப்படி விம்மும். அதனால் 262144 சாம்பிள், அதாவது கிட்டத்தட்ட 6 வினாடித் துண்டு எடுத்தேன். கட்டத்தின் அகலம் 0.168 ஹெர்ட்ஸாகக் குறைந்தது. மேடு இரண்டாகப் பிரிந்தது: ஒன்று 50.0, இன்னொன்று 51.2.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, துண்டை அப்படியே எஃப்எஃப்டிக்குள் போடாமல் ஹான் விண்டோவால் (நடுவில் உயர்ந்து இரு ஓரமும் பூஜ்யத்துக்குத் தேயும் எண்வரிசை) பெருக்குங்கள். விளிம்பில் சட்டென்று வெட்டினால் ஒரு மேட்டின் ஆற்றல் பக்கத்துக் கட்டங்களில் எல்லாம் வழிந்து சின்ன மேட்டை மூடிவிடும். இரண்டாவது, உச்சி எப்போதும் கட்டத்தின் நடுவில் வராது. உச்சிக் கட்டத்தையும் அதன் இரண்டு பக்கத்துக் கட்டங்களையும் டெசிபலில் எடுத்து ஒரு பரவளையத்தைப் பொருத்தலாம். எனக்கு 303, 304, 305-ஆவது கட்டங்களில் −50.8, −40.5, −42.8 வந்தது. இடதில் இருந்து வலதைக் கழித்தால் −8.0. இடதையும் வலதையும் கூட்டி நடுவின் இரு மடங்கைக் கழித்தால் −12.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாதியாக்கினால் 0.317. ஆக உச்சி 304.317-ஆவது கட்டத்தில், அதாவது 51.195 ஹெர்ட்ஸில். ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 3: எது யாருடையது

50.0 எங்கே இருந்து வந்தது? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், அந்த மேடு காணாமல் போனது. பிளேயரும் லேப்டாப்பும் வேறு வேறு பிளக்கில் இருந்து கரண்ட் எடுத்து, நடுவில் ஆடியோ கேபிள் வழியாக ஒரு சுற்று உண்டாகியிருந்தது. பேட்டரியில் ஓட்டி மறுபடி பதிந்தேன். பிளக்கைப் பிடுங்கினால் தீருகிற வியாதிக்கு ஃபில்டர் எழுதாதீர்கள்.

மிச்சம் 51.2. அது டேப்பிலேயே இருப்பது, அதாவது 1986-ன் கரண்ட். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்றால் டேப் 2.4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. பாட்டியின் குரல் ஏன் மேலே ஏறியிருக்கிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன்.

அப்புறம் சுருதிப்பெட்டியை அளந்தேன். சட்ஜம் 204 ஹெர்ட்ஸ். பாட்டிக்கு எப்போதும் 5 கட்டைதான் (கட்டை என்பது பாடகர் சட்ஜத்தை வைத்துக்கொள்ளும் சுருதி) என்று அம்மா சத்தியம் செய்கிறார். 5 கட்டை என்றால் 196 ஹெர்ட்ஸ். 204-ஐ 196-ஆல் வகுத்தால் 4.1 சதவீதம் வேகம். உறுமல் 2.4 என்கிறது, சுருதிப்பெட்டி 4.1 என்கிறது. இரண்டு சாட்சி, இரண்டு வாக்குமூலம்.

இந்த இடத்தில் கணினியை மூடிவிட்டு யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தென்னக மின்கட்டமைப்பு 50-ல் நின்றதா? இல்லை. மின்சாரம் பற்றாக்குறை, மாலையில் எல்லோரும் விளக்கைப் போடும் நேரத்தில் தேவை எகிறும், ஜெனரேட்டர்கள் இழுக்க முடியாமல் மெதுவாகும், அலைவெண் 49-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும் இறங்குவது அன்றைக்குப் புதிதல்ல. சுருதிப்பெட்டியை நம்பிக் கணக்குப் போட்டால் அன்று கரண்ட் 51.2 ÷ 1.041, அதாவது 49.2 ஹெர்ட்ஸ். கொலு மாலைக்கு இது பொருந்துகிறது. ஒரு சந்தேகம் வரலாம்: பாட்டி அன்று 5½ கட்டையில், அதாவது 207.7-ல் பாடி, டேப்தான் மெதுவாக ஓடுகிறதோ? அப்படியானால் அன்றைய கரண்ட் 52-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். நவராத்திரி சாயங்காலத்தில் அது நடக்காது. அம்மா சொன்னதுதான் சரி.

குரல் பதிவு வெட்டி ஒட்டியதா என்று கண்டுபிடிக்கத் தடயவியல்காரர்கள் இதே உறுமலைத்தான் பார்க்கிறார்கள். கரண்டின் அலைவெண் நிமிடத்துக்கு நிமிடம் அசைவதைக் கட்டமைப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எப்போது பதிந்தது என்பதுகூடத் தெரியவரும்.

படி 4: வேகத்தைச் சரிசெய்வது

204-ஐ 196-க்கு இறக்க வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் வித்தைகள் இங்கே வேண்டாம், டேப் வேகமாக ஓடியதால் தாளமும் சேர்ந்துதான் வேகமாகியிருக்கிறது, ஆகவே இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும். அதற்கு ரீசாம்பிளிங்.

204 ÷ 196, அதாவது 1.041 என்ற விகிதத்துக்கு 588-க்கு 565 என்ற முழு எண் சோடி அழகாகப் பொருந்துகிறது. 588 மடங்கு ஏற்றி, நடுவில் ஒரு லோபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அலைவெண்களை மட்டும் விடுவது) போட்டு, 565-ல் ஒன்றை எடுப்பது. உண்மையிலேயே 588 மடங்கு சாம்பிள் உண்டாக்கினால் கணினி மூச்சுத் திணறும். பாலிஃபேஸ் முறையில் கடைசியில் மிஞ்சப்போகிற சாம்பிள்களை மட்டும் கணக்கிடுவார்கள், சைபையில் 'ரீசாம்பிள்_பாலி' செய்வது அதுதான். பக்கத்து இரண்டு சாம்பிளுக்கு நடுவே நேர்கோடு போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் உச்சஸ்தாயி மங்கிவிடும்.

30 நிமிடப் பாட்டு 31 நிமிடம் 13 வினாடி ஆனது. போட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். இன்னும் உறுமலையும் தொடவில்லை, இரைச்சலையும் தொடவில்லை, ஆனால் பாட்டி வந்துவிட்டார்.

படி 5: உறுமலை எடுப்பது

இப்போது உறுமல் 49.2, அதன் மடங்குகள் 98.4, 147.6, 196.8.

கடைசி எண்ணைப் பாருங்கள். பாட்டியின் சட்ஜம் 196. அவருடைய மந்த்ர பஞ்சமம் 147. அன்றைக்கு மின்வாரியமே சுருதி போட்டிருக்கிறது! உறுமலின் எல்லா மடங்கிலும் வரிசையாகப் பள்ளம் வெட்டும் ஆயத்த ஃபில்டரை இங்கே போட்டால் அது உறுமலோடு சேர்த்து சட்ஜத்தையும் வழித்துக்கொண்டு போகும். முதல் தடவை பாட்டி குடத்துக்குள் போனதில் இதற்கும் பங்கு உண்டு. ஆகவே நான் 49.2, 98.4 இரண்டை மட்டும் எடுத்தேன். குரலும் பெட்டியும் அங்கே இறங்கவில்லை. மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன், அவை சுருதிப்பெட்டிக்குள் கரைந்து கேட்காமல் போயின.

ஒற்றை அலைவெண்ணை எடுக்க நாட்ச் ஃபில்டர். 49.2-க்கு அது இவ்வளவுதான்:

புது வெளியீடு = இப்போதைய உள்ளீடு − 1.99995086 × முந்தைய உள்ளீடு + அதற்கும் முந்தைய உள்ளீடு + 1.99895089 × முந்தைய வெளியீடு − 0.99900025 × அதற்கும் முந்தைய வெளியீடு

முதல் எண் எப்படி வந்தது? 2 × கொசைன்(2 × பை × 49.2 ÷ 44100), கோணம் ரேடியனில். இரண்டாவது அதையே 0.9995-ஆல் பெருக்கியது, மூன்றாவது 0.9995-ன் வர்க்கம். அந்த 0.9995-தான் பள்ளத்தின் அகலத்தை முடிவுசெய்கிறது. இங்கே சுமார் 7 ஹெர்ட்ஸ். இன்னும் ஒடுக்கமாக வேண்டுமென்று 0.9999 வைத்தால் அகலம் 1.4 ஆகும், ஆனால் யாராவது கை தட்டினால் அதற்குப் பின் கால் வினாடிக்கு ஃபில்டர் தானாக ரீங்கரிக்கும். ஒடுக்கமும் வேண்டும், ரீங்காரமும் கூடாது என்றால் கிடைக்காது.

தசமங்களை இத்தனை தூரம் எழுதியது பந்தாவுக்காக அல்ல. நாலு தசமத்தோடு நிறுத்தினால் எண்கள் 2.0000, 1.9990, 0.9990 ஆகும். காரணிப்படுத்திப் பார்த்தால் மேலும் கீழும் ஒரே காரணி அடிபட்டு, மிஞ்சுவது பூஜ்ய அலைவெண்ணை மட்டும் தடுக்கும் சாதாரண ஹைபாஸ். 49.2 உறுமல் அதன் வழியாக ராஜநடை போட்டு வெளியே வரும். கோட் சரியாக இருக்கிறதே, உறுமல் ஏன் போகவில்லை என்று ஒரு முழு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன். ஆகவே இரட்டைத் துல்லிய எண்களில் செய்யுங்கள்.

கீழே மோட்டாரின் கடகடப்பும் இருந்ததால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுக்க பட்டர்வொர்த் என்ற வகை ஹைபாஸும் (நாலாம் வரிசை) போட்டேன். முன்னோக்கி ஒரு தடவை, ஃபைலைத் திருப்பி ஒரு தடவை ஓட்டினால் ஒவ்வோர் அலைவெண்ணையும் ஃபில்டர் வெவ்வேறு அளவு தாமதிப்பது ரத்தாகிவிடும், குறைப்பும் இரட்டிக்கும்.

இதே நாட்ச்தான் ஆஸ்பத்திரி ஈசிஜி கருவியிலும் 50 ஹெர்ட்ஸை எடுக்கிறது. அங்கே ரீங்காரம் விளையாட்டல்ல. ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்குப் பின்னாலும் சின்ன அலை எழுந்து, மருத்துவர் உற்றுப் பார்க்கிற பகுதியையே கோணலாக்கிக் காட்டலாம்.

படி 6: உஸ்ஸ்

டேப் இரைச்சல் எல்லா அலைவெண்ணிலும் பரவியிருப்பதால் ஃபில்டரால் எடுக்க முடியாது. இதற்கு ஸ்பெக்ட்ரல் சப்ட்ராக்‌ஷன், 1979-ல் போல் என்பவர் பேச்சுக்காக எழுதியது. 2048 சாம்பிள் துண்டு, 512 சாம்பிளுக்கு ஒரு தாவல், ஒவ்வொரு துண்டுக்கும் ஹான் விண்டோவும் எஃப்எஃப்டியும். ஒவ்வொரு கட்டத்திலும் இரைச்சல் எவ்வளவு என்று தெரிந்தால் அந்த அளவுக்கு அந்தக் கட்டத்தைத் தணித்துவிட்டு, திரும்ப ஒலியாக்கி, மறுபடி விண்டோ போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவது. இரண்டு தடவை விண்டோ போட்டதில் எல்லாம் 1.5 மடங்காகக் கூடியிருக்கும், அதை வகுத்துவிட மறக்காதீர்கள்.

இரைச்சலின் மாதிரியை எங்கே எடுப்பது? பாட்டு ஆரம்பிக்கும் முன் என்று எல்லோரும் சொல்வார்கள். இங்கே அப்போதே சுருதிப்பெட்டி ஓடுகிறது. அதை மாதிரியாகக் கொடுத்தால் சுருதியைத்தான் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். கடைசிப் பாட்டு முடிந்து, பெட்டியை நிறுத்தி, 'டக்' என்று ரெக்கார்டரை அணைப்பதற்கு முன் இரண்டு வினாடி கிடைத்தது. ஏறக்குறைய 170 துண்டு தேறும், சராசரி எடுக்கப் போதும்.

தணிப்பின் கணக்கு: இரைச்சலின் ஆற்றலை அந்தக் கட்டத்தின் ஆற்றலால் வகுத்து, 1.5-ஆல் பெருக்கி, 1-ல் இருந்து கழியுங்கள். வந்ததால் அந்தக் கட்டத்தைப் பெருக்குங்கள். ஆனால் அதை 0.2-க்குக் கீழே போக விடாதீர்கள். பூஜ்யம் வரை விட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிய கட்டங்கள் குருவிக்கூட்டம் கீச்சிடுவது போலக் கேட்கும், அது பழைய இரைச்சலைவிட மோசம். 0.2 என்றால் 14 டெசிபல் குறையும், இரைச்சல் பின்னால் போய் மெல்லிசாக நிற்கும், கீச்சு கேட்காது.

குக்கர் விசில் ஒரு இடத்தில் வருகிறது. முழுக்கக் குரலின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, எதைப் போட்டாலும் பாட்டியையும் கடித்துக்கொண்டுதான் போகும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படி 7: சேமிப்பது

24 பிட்டிலேயே ஒரு பிரதி. மற்றவர்களுக்கு அனுப்ப 16 பிட் வேண்டுமென்றால் கடைசி பிட் அளவுக்கு ஒரு துளி தற்செயல் இரைச்சலைச் சேர்த்துவிட்டு முழு எண்ணாக்குங்கள். பாட்டின் முடிவில் ஒலி தேய்ந்து மறையும் இடத்தில் கரகரப்பு வராது. பேட்டரியில் பதிந்த முதல் ஃபைலைத் தொடாமல் தனியாக வையுங்கள், எந்தப் படியில் எந்த எண் போட்டோம் என்ற குறிப்போடு.

கேசட்டின் இரண்டாவது பக்கத்துக்கு இந்த எண்கள் எதுவும் செல்லாது. அது வேறொரு நாள் பதிந்திருக்கிறார்கள் போல, உறுமல் 50.7-ல் நிற்கிறது, பாடுவது பாட்டி அல்ல, பெரியப்பா. அவர் எத்தனை கட்டையில் பாடுவார் என்று கேட்க அத்தைக்கு போன் போட வேண்டும்.